ஓடட்டும்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம்
மூன்றாம் நம்பர் பம்ப்பிடம் அனுப்பினார்கள்.
என் அம்மா பள்ளிக்கூடம் போன காலத்தில்
இறக்கிவைத்த இடத்திலேயே நின்று
நிமிடத்துக்கு ஆயிரத்து நானூற்று எண்பது தடவை
தன்னையே சுற்றிக்கொண்டிருந்தது.

வெளியே உலான்பத்தோர், மைனஸ் முப்பத்து நாலு.
மலைச்சரிவுக் கூடாரங்களின் கரிப்புகை
நகரத்துக்கு மூடி போட்டிருந்தது.
உள்ளே நான்
காந்தக்கால் வைத்த குட்டிக் கருவியை
பேரிங் கூட்டின் மேல் ஒட்டினேன்.
எண் தயங்கித் தயங்கி ஏறியது:
ஆறு புள்ளி ஆறு,
ஆறு புள்ளி எட்டு,
ஆறு புள்ளி ஒன்பது.
ஏழு புள்ளி ஒன்றில் நிறுத்து என்கிறது
சுவரில் ஒட்டிய தாள்.
ஆறு புள்ளி ஒன்பதில் என்ன செய்வதென்று
அதற்கும் தெரியாது.

ஐந்து வருடம் படித்தவள் நான்.
சுழலும் எதற்கும் சமன்பாடு எழுதுவேன்.
பரீட்சைத் தாளில்
உள்வளையத்துக்கு ஒரு குரல், வெளிவளையத்துக்கு ஒன்று,
குண்டுகளுக்குத் தனி.
இங்கே சந்தை இரைச்சலுக்குள்
ஒரே ஒருவரின் இருமலைத் தேடுகிறேன்.

ஷிஃப்ட் பொறுப்பாளன் எர்தெம்பிலெக்
காதுமூடியை ஒரு பக்கம் தூக்கிக் கத்தினான்:
"நிறுத்தவா? ஓடட்டுமா?"
ஒரே சொல் போதும் அவனுக்கு.
இரண்டாம் பம்ப் சீல் கிழிந்து கிடக்கிறது.
இதையும் நிறுத்தினால்
பத்தொன்பதாயிரம் வீடுகளின் வெந்நீர்க் குழாய்கள்
ஆறத் தொடங்கும்.
ஒன்று என் வீடு.

"பேரிங்தான் போகிறது. ஞாயிறு வரை ஓடட்டும்."
என் குரலிலும் அதிர்வு இருந்தது.
யாரும் கருவி வைத்துப் பார்க்கவில்லை.

அன்றிரவு இரண்டு மணிக்கு எழுந்து
ஜன்னலடி ரேடியேட்டரில் கை வைத்தேன்.
சூடு.
மூன்றேகாலுக்கு வைத்தேன்.
சூடு.
காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைச்
சுடக் கூடாதே என்று தொடுவார்கள்.
நான் சுட வேண்டுமே என்று தொட்டேன்.
மேல்மாடியில் யாரோ புரண்டு படுத்தார்கள்.
அவர்களுக்கு என்னைத் தெரியாது.
நாலரைக்குக் கொஞ்சம் குறைந்த மாதிரி.
ஆறியது குழாயா, என் கையா?
இரண்டு உள்ளங்கையையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.
விடிந்துவிட்டது.

ஞாயிறு சீல் வந்தது. இரண்டு ஓடியது, மூன்று நின்றது.
நின்ற பிறகுதான்
அது எவ்வளவு சத்தம் போட்டதென்று தெரிந்தது.
செவெல்மா பேரிங்கைப் பிடுங்கி எடுத்தாள்.
டீசலில் கழுவி டார்ச் அடித்தோம்.
குழி இல்லை, கீறல் இல்லை.
பளபளத்த வளையத்தில் இரண்டு முகம் தெரிந்தது,
சிவந்திருந்தது என்னுடையது.

அவள் பேசாமல் குனிந்து
அடித்தளத்து போல்ட்டுகளில் ஸ்பானர் போட்டாள்.
முதல் மூன்றும் அசையவில்லை.
நாலாவது
நூல் விட்ட பொத்தான் போலக் கையோடு வந்தது.
எந்தக் காலத்திலோ அறுந்தது.
வருஷா வருஷம் பூசிய பச்சைப் பெயிண்ட்
அதைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.
"பெயிண்டுக்கு ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி" என்றாள்.
உப்புப் பால்டீ புரையேறும்வரை சிரித்தோம்.

பிறகு பதிவேட்டில்
பேரிங் என்று எழுதிய இடத்தில்
எழுத்து தெரியும்படி ஒரு கோடு கிழித்து
போல்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கழற்றிய பேரிங்கை மறுபடி மாட்ட விதியில்லை.
ஒரு குற்றமும் செய்யாமல்
என் வாயால் வேலை போனது அதற்கு.
இப்போது என் மேசையில் இருக்கிறது.
போன் பேசும்போது விரலால் தள்ளிவிடுவேன்.
சுற்றுவதை எண்ணத் தொடங்கி
பாதியில் விட்டுவிடுவேன்.

வாசலில் எர்தெம்பிலெக்.
ஒன்றாம் பம்ப், ஐந்து புள்ளி எட்டு என்கிறான்.
காதுமூடியை ஒரு பக்கம் தூக்குகிறான்.